"நான் பழச்சாறு மட்டும்தான் குடித்தேன்" என்பது பதிலாகுமா?



சென்ற ஆண்டு உறவினர் இல்லத் திருமணத்திற்காக லண்டன் சென்றிருந்தேன். ஒரு மாலை, ஒயிட்சேப்பல் சாலையிலுள்ள கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு, சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவருடன் ஷோர்டிச் பகுதிக்கு நடந்து சென்றேன். அவர் அந்நகரில் கணினிப் பொறியாளர். ஒரு சந்தில், பெயர்ப்பலகை இல்லாத கதவொன்றின் முன் நின்று அவர் சொன்னார்:

"ஹஜ்ரத், வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலக நண்பர்களோடு இங்கேதான் வருவேன். நான் குடிப்பதில்லை. எலுமிச்சைச் சாறு மட்டும்தான்."

அவர் மறைக்காமல் சொன்னதை மதிக்கிறேன். அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக. ஆனால் அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை.

கதவு திறந்தபோது உள்ளே தெரிந்தது இதுதான்: மங்கலான விளக்கு, பத்துப் பன்னிரண்டு இருக்கைகள், தாழ்ந்த குரலில் பேச்சு. மருந்துக்கடைக் குப்பிகளைப் போலச் சொட்டுக்குழாய் வைத்த சிறு புட்டிகள். மேலங்கி அணிந்த இளைஞர் ஒருவர் பனிக்கட்டியைக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தார். கூச்சலும் தள்ளாட்டமும் இல்லை. நூலகமோ என்று எண்ணத்தக்க அமைதி.

ஆபத்து அந்த அமைதியில்தான் இருக்கிறது. நம் ஊர் டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடப்பவரைப் பார்த்து எந்தப் பிள்ளையும் மதுவின்மீது ஆசைப்படாது. நாற்றமே எச்சரித்துவிடும். கலையாகவும் நாகரிகமாகவும் பரிமாறப்படும்போது அந்த எச்சரிக்கை நின்றுவிடுகிறது. மதுவுக்கு வேறு பெயர் சூட்டி அருந்துவோர் தம் சமுதாயத்தில் தோன்றுவர் என நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்ததை ஓதியிருக்கிறோம். 'கைவினைக் காக்டெயில்' என்பது அத்தகைய பெயர்களில் ஒன்றன்றி வேறென்ன?

பெயரை நீக்கிவிட்டுப் பொருளைப் பார்ப்போம். 'நெக்ரோனி' என்பது இக்கடைகளின் புகழ்பெற்ற கலவை. ஜின், வெர்மூத், காம்பாரி மூன்றும் சம அளவு. ஒவ்வொன்றிலும் 25 மில்லி என்று கொண்டால், அந்தச் சிறு கோப்பையில் ஏறத்தாழ 20 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரு பைண்ட் சாதாரண பீரில் இருப்பதை விட இது சற்றே குறைவு, அவ்வளவுதான். ஆரஞ்சுத் தோலை முறுக்கி மேலே வைப்பதால் அந்த 20 மில்லி மாறிவிடாது.

இதே ஜின்தான் பதினெட்டாம் நூற்றாண்டில் இதே லண்டனின் ஏழைகளைச் சூறையாடியது. அதை அடக்க நாடாளுமன்றம் 1736 இலும் 1751 இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஹோகார்த் என்ற ஓவியர் 1751 இல் 'ஜின் சந்து' என்ற படத்தில், போதையில் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழும் காட்சியை வரைந்தார். அன்று சந்தில் விற்றதை இன்று படிகக் கோப்பையில் ஊற்றுகிறார்கள். பெயர்ப்பலகை இல்லாத கதவும் பழைய வழக்கத்தின் நகல்தான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, சட்டத்துக்கு ஒளிந்து நடந்த கடைகளின் சாயல் அது. ஒளிவதற்குக் காரணம் போய்விட்டது. ஒளிவதன் கவர்ச்சியை மட்டும் விற்கிறார்கள்.

இனி "சாறு மட்டும்தான்" என்ற வாதத்திற்கு வருவோம். அதில் மூன்று ஓட்டைகள் உள்ளன.

முதலாவது, அமரும் இடம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்று நபிமொழி தடுக்கிறது. வேறு மேசையில் ஒருவர் மது அருந்தும் உணவகத்தைப் பற்றி விரிவாகப் பேச இடமுண்டு. மதுவுக்காகவே திறக்கப்பட்ட பத்து இருக்கைக் கூடத்தில், அதே மேசையில் அமர்வதற்கு என்ன பேச்சு இருக்கிறது?

இரண்டாவது, கோப்பை. 'ஆல்கஹால் இல்லாதது' என்ற எழுத்தை நம்பிவிடாதீர்கள். ஜெர்மனியில் 0.5 விழுக்காடு வரை உள்ள பீருக்கும் அந்தப் பெயர் உண்டு. சாறுக் கலவைகளிலும் சில கடைகளில் 'பிட்டர்ஸ்' சில சொட்டுகள் விடுவார்கள். அதில் பெயர்பெற்ற அங்கோஸ்துராவில் 44.7 விழுக்காடு ஆல்கஹால். கேட்டறியாமல் குடிப்பவர் எதைக் குடித்தோம் என்று எப்படிச் சொல்வார்?

மூன்றாவது, மூன்றிலும் கடுமையானது, பணப்பை. பிரிட்டனில் 'ரவுண்ட்' என்றொரு வழக்கம் உண்டு. குழுவில் ஒவ்வொருவரும் முறைவைத்து அனைவருக்கும் வாங்கித் தர வேண்டும். "உங்கள் முறை வரும்போது?" என்று கேட்டேன். மாணவர் தலைகுனிந்தார். "நானும் வாங்கித் தருவேன், ஹஜ்ரத்."

மதுவின் விஷயத்தில் சபிக்கப்பட்டவர்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, குடிப்பவரோடு நிறுத்தவில்லை. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர், ஊற்றிக் கொடுப்பவர் என்று பத்துப் பேரைச் சொன்னார்கள். சாறு குடித்த நாவு தப்பியது என்றே வைத்துக்கொள்வோம். வாங்கிக் கொடுத்த கை தப்புமா?

"போகாவிட்டால் அலுவலகத்தில் ஒதுக்கிவிடுவார்கள்" என்பார்கள். அந்நிய மண்ணில் தனியாக வாழும் பிள்ளையின் அச்சம் அது. எள்ளி நகையாடத் தக்கதன்று. ஆனால் உண்மை நிலையைப் பாருங்கள். பிரிட்டனின் 2010 ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் சமய நம்பிக்கையின் பேரில் பணியாளரைப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. அந்நாட்டினரே பலர், 2013 இல் தொடங்கிய இயக்கத்தைப் பின்பற்றி, ஜனவரி முழுதும் மதுவைத் தொடாமல் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என 2023 இல் அறிவித்துவிட்டது. அவர்களே விட்டு விலகும் வேளையில் நம் பிள்ளைகள் வெட்கப்பட்டு உள்ளே நுழைவதா?

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு சொல். டாஸ்மாக் வாசலில் நிற்கும் கூலித் தொழிலாளியை இகழ்கிறோம். அதே மதுக் கோப்பைகளுக்கு நடுவே நம் மகன் சிரிக்கும் படம் லண்டனிலிருந்து வந்தால், உறவினர்களுக்கு அனுப்பி மகிழ்கிறோம். சம்பளம் எவ்வளவு என்று மாதந்தோறும் கேட்கும் நாம், வெள்ளிக்கிழமை மாலை யாருடன் கழிகிறது என்று ஒரு முறையேனும் கேட்டோமா? மார்க்கத்தில் ஏழைக்கு ஒரு ஹராம், பணக்காரருக்கு ஒரு ஹராம் இல்லை.

அந்த மாணவரிடம் சொன்னதையே உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். நண்பர்களை வெறுக்க வேண்டாம். அவர்கள் அழைப்பதற்கு முன் நீங்கள் அழையுங்கள். மதிய உணவுக்கு அழையுங்கள். வீட்டில் பிரியாணி சமைத்து அழையுங்கள். "என் மார்க்கம் அனுமதிக்கவில்லை" என்பதை ஒரே ஒரு முறை, புன்னகையோடு, தெளிவாகச் சொல்லுங்கள். முதல் முறை சொல்வதுதான் கடினம்.

மது தடுக்கப்பட்ட செய்தி எட்டிய அன்று, அபூ தல்ஹா (ரலி) அவர்கள் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள். கோப்பையில் மீதமிருந்ததைக் குடித்து முடிக்கலாம் என்று எவரும் கேட்கவில்லை. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. அவர்களுக்கு மது பழகிப்போன ஒன்று; இருந்தும் ஒரே அழைப்பில் கைவிட்டார்கள். நம் பிள்ளைகளிடம் கேட்பது அதைவிட எளியது: அந்தக் கதவுக்கு முன் திரும்பி நடக்கும் சில அடிகள்.

சில வாரங்கள் கழித்து அந்த மாணவர் தொலைபேசியில் அழைத்தார். நண்பர்கள் நால்வரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்ததாகச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். அவரையும் நம் அனைவரின் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.