499 பேர் என்றால் ரோடு கிடையாதா?

ஒரு ஊரில் 500 பேர் இருக்கிறார்கள். இன்னொரு ஊரில் 499 பேர் இருக்கிறார்கள்.

முதல் ஊருக்குத் தார் ரோடு உண்டு. அடுத்த ஊருக்கு இல்லை!

ஏன்? ஒரு ஆள் குறைகிறது.

இது வேடிக்கைக்குச் சொன்னது அல்ல. நம் நாட்டில் கிராமங்களுக்கு ரோடு போடும் திட்டத்தின் விதியே இதுதான்.

தலை எண்ணும் திட்டம்

பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் 2000-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி தொடங்கியது. சமவெளியில் 500 பேராவது இருக்கும் ஊருக்கு ரோடு. மலை, பாலைவனம், பழங்குடி மக்கள் வாழும் இடங்களில் 250 பேர் இருந்தால் போதும்.

இதனால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாடு முழுவதும் 7 லட்சம் கிலோ மீட்டருக்கு மேல் ரோடு போட்டு இருக்கிறார்கள். மாட்டு வண்டி மட்டுமே போன ஊர்களுக்கு பஸ் வந்தது. பாராட்டத்தான் வேண்டும்.

2024-ம் ஆண்டு செப்டம்பரில், 4-வது கட்டத்துக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மேலும் 25 ஆயிரம் ஊர்களுக்கு 62,500 கிலோ மீட்டர் ரோடு போடுவது திட்டம். இதிலும் சமவெளிக்கு அதே 500தான். அதுவும் 2011-ம் ஆண்டு எடுத்த ஜனக்கணக்கு!

"பணம் குறைவு, ஊர்கள் அதிகம். எங்காவது ஒரு கோடு போடத்தானே வேண்டும்?" என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரிய ஊர்களுக்கு முதலில் போட்டதில் தப்பு இல்லை. ஆனால் சிறிய ஊரின் முறை எப்போது வரும்?

தேயும் ஊர்

ரோடு இல்லாத ஊரில் என்ன நடக்கிறது?

எட்டாவது வகுப்பு முடித்த மகளை, காட்டுப் பாதையில் தனியே அனுப்பத் தாய் பயப்படுகிறாள். படிப்பு நின்றுபோகிறது. பிரசவ வலி வந்தால் டோலி கட்டித் தூக்க வேண்டும். விளைந்த காய்கறியைத் தலைச்சுமையாகக் கொண்டுபோனால், சந்தையில் நல்ல விலை போன நேரம் முடிந்துவிடுகிறது.

முடிந்தவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் ஊர் இன்னும் சிறுக்கிறது.

ஆள் குறைவு, அதனால் ரோடு இல்லை. ரோடு இல்லை, அதனால் ஆள் குறைவு! இந்த வட்டத்தை யார் உடைப்பது?

மலையை உடைத்தவர்

பீகாரில், கயா அருகே கெலார் என்ற கிராமம். அங்கே தசரத் மாஞ்சி என்ற ஏழைத் தொழிலாளி இருந்தார். குறுக்கே மலை. சுற்றிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உரிய நேரத்தில் வைத்தியம் கிடைக்காமல் அவர் மனைவி இறந்தார்.

அவர் உளியும் சுத்தியலும் எடுத்தார். 1960 முதல் 1982 வரை, 22 வருஷம், தன்னந்தனியாக மலையை வெட்டினார். 360 அடி நீளம், 30 அடி அகலத்தில் வழி பிறந்தது!

அவர் எத்தனை தலை என்று எண்ணவில்லை. எவ்வளவு தூரம் என்றுதான் பார்த்தார்.

சர்க்காரும் அப்படிப் பார்க்கட்டும். ஆஸ்பத்திரி எத்தனை மைல்? உயர்நிலைப் பள்ளி எத்தனை மைல்? மழைக்காலத்தில் எத்தனை நாள் வழி அடைபடுகிறது? இதையும் கணக்கில் சேர்த்து ரோடு போடட்டும். ரோடு போட்டால் மட்டும் போதாது. நாளைக்கு இரண்டு நடையாவது பஸ்ஸும் விட வேண்டும்.

வாசகர்களே! உங்கள் ஊர் கிராம சபை கூடும்போது இதைக் கேளுங்கள்.

ஓட்டுப் போடும்போது 499 பேரும் முழு மனிதர்கள். ரோடு போடும்போது மட்டும் கணக்கில் வராதவர்களா?