கழிவுநீர் அடைப்பைத் தடுக்கவும் இயந்திரத்தால் மட்டுமே நீக்கவும் கோரும் மனு

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர்,
சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.

நகல்: மண்டல அலுவலர், தேனாம்பேட்டை மண்டலம், பெருநகர சென்னை மாநகராட்சி.

அனுப்புநர்: அபிராமபுரம் பகுதிக் குடியிருப்போர் சங்கம்.

பொருள்: வீட்டுக் கழிவுநீர் இணைப்புகளில் ஏற்படும் அடைப்பு – தடுப்பு, நீக்கம் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

அபிராமபுரத்தில் ஒரு குடும்பத்துக்கென எழுந்த தனி வீடுகள் பல இடிக்கப்பட்டு, அதே மனைகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்துள்ள நிலையில், வளாகத்தின் கடைசிச் சேம்பரிலிருந்து தெருவின் பாதாளச் சாக்கடைக்குச் செல்லும் இணைப்புக் குழாய் பழைய விட்டத்திலும் பழைய சரிவிலும் நீடிக்கும் இடங்களில் அடைப்பு மீண்டும் மீண்டும் நேர்வது தவிர்க்க இயலாததாகிறது. ஆகவே, புதிய கட்டடத்துக்கு இணைப்பு வழங்குமுன் இக்குழாயின் விட்டமும் சரிவும் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உள்ளனவா என நேரில் அளந்து பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும் எனச் சங்கம் கோருகிறது.

அடைப்பின் தொடக்கம் பெரும்பாலும் சமையலறைத் தொட்டியில் உள்ளது. அப்பளம் பொரித்த எண்ணெயும் நெய்யும் சூடாக இறங்கும்போது தடையின்றி ஓடினாலும், குழாய்க்குள் ஆறியபின் உட்சுவரில் ஒட்டி, கடின நீரிலுள்ள கால்சியத்துடன் வினைபுரிந்து கரையாத சோப்புக் கட்டியாக இறுகுகின்றன. அதன்மேல் மாவுக் கசடு, தேங்காய் நார், தேயிலைத் தூள் ஆகியவை படிந்து வழியைக் குறுக்குகின்றன. கசடு தங்காமல் அடித்துச் செல்லப்பட வேண்டுமானால், உச்சப் பயன்பாட்டு நேரத்திலேனும் கழிவுநீர் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது பொறியியல் விதி. லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் 2017ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது என்பது, சிறு வீடுகளின் கழிவும் உணவகங்களின் கழிவும் சேர்ந்தால் எந்த அளவுக்குச் செல்லும் என்பதைக் காட்டுகிறது. உணவகங்கள், மெஸ்கள், கல்யாண மண்டபங்கள் ஆகியவற்றில், எண்ணெயை மேலே மிதக்கவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் வெளியேற்றும் கொழுப்புப் பிடிப்புத் தொட்டி இருப்பதும், அது முறையாகத் துப்புரவு செய்யப்படுவதும் மாநகராட்சி உரிமம் புதுப்பிக்கப்படும்போது சரிபார்க்கப்பட வேண்டும்.

மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் இணைத்துவிடும் வழக்கம் மற்றொரு காரணமாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாக்கடைக் குழாய் கொள்ளளவை மீறி நிரம்பி, தரைத்தளக் கழிப்பறைகளில் கழிவுநீர் எதிர்த்து ஏறுவது இதனால்தான். மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக உள்ளதால், இத்தகைய இணைப்புகளைக் கண்டறிந்து சேகரிப்புக் கிணறுகளுக்குத் திருப்பும் பணியை வாரியமும் மாநகராட்சியும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இணைந்து முடிக்க வேண்டும்.

இம்மனுவின் தலையாய கோரிக்கை, அடைப்பை நீக்குவோரின் உயிரைப் பற்றியது. உரிய பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்வதுடன், முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது; இத்தடை அரசு அமைப்புகளைப் போலவே தனி வீட்டு உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என நிர்ணயித்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. எந்தத் தொகையும் போன உயிருக்கு ஈடாகாது. குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டையின் நாற்றம் உடையதெனினும், அதன் செறிவு கூடும்போது முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்வதால், நாற்றம் அடங்கியதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொண்டு இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழக்கூடும்.

மனை எல்லைக்கு வெளியே உள்ள குழாய் வாரியத்தின் பொறுப்பாகவும், உள்ளே உள்ளது உரிமையாளரின் பொறுப்பாகவும் இருக்கும் பிரிவினை நிர்வாகத்துக்கு உகந்ததே. ஆயினும், உள்ளே அடைப்பு ஏற்படும்போது கையில் மூங்கில் பிளாச்சுடன் வரும் அன்றாடக் கூலித் தொழிலாளியை அழைப்பதே எளிய வழியாக இருக்கும் வரை இச்சட்டம் மதில் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடும். எனவே, உயரழுத்த நீரைப் பாய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட் ராடிங் இயந்திரத்தையும் கசடை உறிஞ்சும் வாகனத்தையும் நிர்ணயித்த கட்டணத்தில் வளாகத்துக்குள்ளும் அனுப்ப வேண்டும். 1916 என்ற எண்ணில் பதிவாகும் புகாரின்பேரிலேயே இச்சேவை கிடைக்க வேண்டும். குறுகிய தெருக்களுக்கு ஏற்ற சிறிய இயந்திரங்கள் பணிமனையில் இருக்க வேண்டும்.

மேற்கண்டவற்றுள் உடனே நிறைவேற்றக்கூடியவை எவை, அரசாணை தேவைப்படுபவை எவை என்பதைக் காலவரையறையுடன் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், பகுதி அலுவலகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடைபெறும் குறைகேட்புக் கூட்டத்தில் இம்மனுவை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறும் சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
அபிராமபுரம் பகுதிக் குடியிருப்போர் சங்கம்.