மெல்லிய காற்று போதும்!

கடல் விளையாட்டு என்றால் சீறிப் பாய வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இந்த வேகப் பித்து, சாதாரண மனிதனைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறது.

பலகையில் பாய் பொருத்தி, நின்றபடி ஓட்டும் 'விண்ட்சர்ஃபிங்' இதற்கு நல்ல உதாரணம்.

அமெரிக்காவின் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் ஆகியோர் 1968-ல் இதற்குக் காப்புரிமை கோரினார்கள். 1970-ல் கிடைத்தது. ஆனால் 1958-லேயே பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் இங்கிலாந்தில் இப்படிப் பலகை ஓட்டியது பின்னர் வழக்கில் தெரிய வந்தது. அந்தக் காப்புரிமை பிரிட்டனில் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு சிறுவன் தன் கையாலேயே செய்து கொண்ட விளையாட்டு அது!

1984-ல் ஒலிம்பிக்கில் சேர்ந்த பிறகு பலகைகள் மாறிக்கொண்டே வந்தன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், நீருக்கடியில் உள்ள இறக்கையால் மேலெழும்பிப் பறக்கும் பலகை வந்தது. நடந்தது என்ன? மார்செய் கடலில் காற்று போதாமல், பதக்கப் போட்டி மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. உலக வீரர்களே காற்றுக்காகக் காத்துக் கிடந்தார்கள்!

பழைய 12 அடி நீளப் பலகைக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆளைத் தாங்கி மிதக்க அதற்கு வேகம் தேவையில்லை. நடுவே நீருக்குள் இறங்கும் தகடு, பக்கவாட்டில் நழுவாமல் காக்கிறது. சுக்கான் கிடையாது; பாயை முன்னே சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். மணிக்கு 9 கிலோமீட்டர் காற்றே ஓட்டப் போதும்.

காற்று அடியோடு நின்றால் பாயைக் கழற்றிவிட்டு, அகலமான பலகையில் நின்று துடுப்புப் போடலாம். தமிழருக்கு இது புதிதா என்ன? கட்டுமரத்தில் நின்று துடுப்புப் போட்டவர்கள் நம் மீனவர்கள்.

இளைஞர்கள் வேகத்தைத்தானே விரும்புகிறார்கள் என்று கேட்கலாம். விரும்பட்டும். ஆனால் வாரம் முழுவதும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைப்பவனுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. பலத்த காற்று அவன் விடுமுறையைப் பார்த்து வீசுமா? மெல்லிய காற்றில் ஓடும் பலகைதான் அவனுக்கு உதவும். சமநிலையையும் பொறுமையையும் அதுவே கற்றுத் தரும்.

எனவே கடலோர நகரங்களின் நீர் விளையாட்டு மையங்கள், விலை உயர்ந்த வேகப் பலகைகளை மட்டும் வாங்கி அடுக்காமல், வாடகைக்கு நீளப் பலகைகளையும் வைக்க வேண்டும். தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது, அது மெல்லியதாக இருந்தாலும் இறங்கக் கூடாது. அது ஆளை மெல்ல மெல்ல நடுக்கடலுக்கு இழுத்துச் சென்றுவிடும்.

கடல் எல்லோருக்கும் பொது. அதில் விளையாடும் வாய்ப்பும் பொதுவாக இருக்கட்டும்!