ஏரியைக் கேட்டுப் பயிர் வைப்போம்

குறைந்த தண்ணீரில் நல்ல வருமானம் தரும் பயிர் என்று ‘ஹெம்ப்’ பற்றிய பேச்சு நாட்டில் வலுத்து வருகிறது. போதை தரும் டி.எச்.சி. பொதுவாக 0.3 விழுக்காட்டைத் தாண்டாத கஞ்சா வகை இது. நாருக்கும் விதைக்கும் வளர்க்கப்படுகிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, இதற்கு அரசு அனுமதி தர இடமளிக்கிறது. 2018-ல் உத்தராகண்ட் முதல் மாநிலமாக உரிமம் வழங்கியது. கிணற்றுநீரை நம்பி நெல்லும் கரும்பும் விளைவிக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இது தீர்வாகுமா? ஆகாது என்பதே நம் நிலைப்பாடு. ஏரிப் பாசனத்தை மீட்பதும், அதற்கு ஒத்துப்போகும் சணப்பை வயலுக்குக் கொண்டுவருவதுமே இங்கு முதல் வேலை.

ஒரு பருவத்துக்கு ஹெம்புக்குச் சுமார் 500 முதல் 700 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். நெல்லோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய பாதிதான். ஆனால் அந்தத் தண்ணீர் எப்போது, எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. முதல் ஆறு வாரம் மண் ஈரம் குறையக் கூடாது. தண்ணீர் தேங்கினாலோ வேர் அழுகும். நம் மழை அப்படி அளந்து பெய்வதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.5 லட்சம் கனஅடிக்கும் மேல் திறக்க நேர்ந்தது. பெய்யும்போது வடிகாலும், பொய்க்கும்போது ஆழ்துளைக் கிணறும் வேண்டுமென்றால் சிக்கனம் எங்கே மிஞ்சும்? இன்னொரு தடையும் உண்டு. வடக்கு அட்சம் 12 பாகையில் உள்ள இம்மாவட்டத்தில் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டாது. நெடும்பகலுக்குப் பழகிய வடநாட்டு ரகங்கள் இங்கே சீக்கிரமே பூத்து, தண்டு குட்டையாக நின்றுவிடும். எவ்வளவு பாய்ச்சினாலும் நார் நீளாது.

ரமணாசிரமத்துக்கு அருகிலுள்ள சமுத்திரம் ஏரி வேறொரு வழியைக் காட்டுகிறது. மலையில் விழும் மழை வரத்துக்கால் வழியே ஏரியைச் சேர்ந்தால், மதகுக்குக் கீழே வயல் நனையும், சுற்றுவட்டாரக் கிணறுகளும் ஊறும். வரத்துக்கால் மனைகளாகவும் குப்பை மேடாகவும் மாறினால் இரண்டும் நின்றுபோகும். அந்த ஈரத்துக்கு இசைந்த நார்ப்பயிர் சணப்பு. கோடைமழையில் விதைத்து, ஆறேழு வாரத்தில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், காற்றிலிருந்து வேர் சேர்த்த தழைச்சத்து மண்ணில் சேரும். மட்கு கூடிய மண் அடுத்த நெல்லுக்கு ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும்.

மடக்கி உழும் பயிரால் கையில் காசு வருமா என்று விவசாயி கேட்பது நியாயம். யூரியாச் செலவு குறைவது ஒரு வரவு. ஒரு பகுதியை விதைக்கு விட்டால் மற்றொரு வரவு. 2024-ல் தொடங்கிய ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை வழங்கும் அரசு, உள்ளூரில் விளைந்த விதையையே கொள்முதல் செய்யலாம். சொட்டுநீர் போதாதா என்பது அடுத்த கேள்வி. சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கு முழு மானியம் கிடைக்கிறது. அது தொடர வேண்டும். ஆனால் மின்சாரம் இலவசமாக உள்ள இடத்தில், மிச்சமான தண்ணீர் இன்னொரு ஏக்கர் கரும்புக்குப் போய்விடக்கூடும். கீழே இறங்கும் நீர் கூடாமல் நிலத்தடி நீர் உயராது. புதுப் பயிரின் கதவை அடைக்கிறோமா? இல்லை. இப்பகலுக்கும் மழைக்கும் ஏற்ற ஹெம்ப் ரகத்தை வேளாண் பல்கலைக்கழகம் உரிய அனுமதியோடு தன் பண்ணையில் சோதிக்கட்டும். அந்தச் சோதனையின் நட்டத்தை விவசாயி தலையில் கட்டக் கூடாது.

சித்திரையில் சணப்பு விதை விவசாயி கைக்கு வரட்டும். ஐப்பசி மழைக்கு முன்பாக மலையைச் சுற்றியுள்ள வரத்துக்கால்களை அளந்து, ஆக்கிரமிப்பை நீக்கி, ஏரிகளைத் தூர்வாரும் பணியை மாவட்ட நிர்வாகம் முடிக்கட்டும். எந்தப் பயிர் வந்தாலும் அந்த ஏரித் தண்ணீரில்தான் பிழைக்க வேண்டும்.