சிப்பந்திக்கும் ஓர் இருக்கை

நம் கடைகளுக்கென்று வந்த சட்டங்களில் செலவு மிகக் குறைந்தது எது என்று கேட்டால், இருக்கைச் சட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பர் 6 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் கொண்டுவந்த மசோதா நிறைவேறி, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவாகச் சேர்ந்தது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். வேலை நேரம் முழுவதும் நின்றபடியே இருக்கும் நிலை கூடாது. இவ்வளவுதான் அதன் சாரம். ஆண்டுகள் சில கடந்த பின்னும் நம்மில் பலருடைய கடைகளில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அது கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது.

வியாபாரிகள் சொல்லும் ஆட்சேபணைகள் இரண்டு. சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வருகிறவருக்கு மரியாதைக் குறைவு என்பது ஒன்று. எடை போடுவதும் பொட்டலம் கட்டுவதும் மூட்டை பிரிப்பதும் உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல என்பது மற்றொன்று. இரண்டாவது ஆட்சேபணைக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டே வேலை செய்யட்டும் என்று அது சொல்லவில்லை; வேலை இல்லாத பொழுதில் உட்காரட்டும் என்றே சொல்கிறது. வாடிக்கையாளர் படியேறினால் எழுந்து வந்து கவனிப்பது சிப்பந்தியின் கடமை. அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மரியாதைக்கு வருவோம். நின்றுகொண்டு விற்பது நம் பழைய வழக்கமா? பழைய மளிகைக் கடைகளில் மேடைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் நிறுத்துக் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்டும் கடைகளை இன்றும் காணலாம். எதிரே உட்கார்ந்த வாடிக்கையாளர் எவரும் மரியாதை குறைந்துவிட்டதாக எண்ணியதில்லை. மாமல்லபுரத்தில் சிற்பிகள் உட்கார்ந்தபடியேதான் உளி பிடிக்கிறார்கள். அந்தச் சிலையைப் பக்கத்துக் கடையில் விற்கும் பெண்தான் நாள் முழுதும் நிற்கிறாள். கண்ணாடி ஷோகேஸும் உயரமான கவுண்டரும் வந்த பிறகே நிற்பது வழக்கமாயிற்று.

சட்டத்தின் வரலாறும் சிந்திக்கத் தக்கது. பிரிட்டனில் 1899ஆம் ஆண்டிலேயே கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் நின்று வேலை செய்யும் ஆலைத் தொழிலாளி உட்கார வசதி வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இடம்பெற்றது. கடைச் சிப்பந்திக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு ஜவுளிக் கடைப் பெண்கள், பி.விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பின் துணையோடு போராடிய பிறகு, 2018இல் அங்கே இந்த உரிமை சட்டமாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்துத் தமிழகம் பின்பற்றியது.

இதில் நம் சொந்த நலனும் அடங்கியிருக்கிறது. கடைக்கு ஆள் கிடைக்கவில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை என்று செங்கல்பட்டு பஜாரில் புலம்பாத வியாபாரி இல்லை. மறைமலை நகர், மகேந்திரா சிட்டி என்று வேலை வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கும்போது, நாள் முழுதும் கால் கடுக்க நிற்கும் வேலைக்கு இளைஞர்கள் ஏன் வருவார்கள்? ஓயாமல் நிற்பவருக்குக் கால் வீங்குகிறது, நரம்பு புடைத்துச் சுருள்கிறது, இடுப்பு வலிக்கிறது. தொழில் கற்ற சிப்பந்தி இதனால் விலகிப் போனால் நஷ்டம் யாருக்கு? சரக்கின் இடமும் வாடிக்கையாளரின் பழக்கமும் தெரிந்த ஆளுக்கு ஈடாகப் புது ஆளைப் பழக்க மாதக் கணக்கில் ஆகும்.

உட்கார நேரம் ஏது என்றும் கேட்க வேண்டாம். ஊரில் காலையும் மாலையும்தான் நெரிசல். மத்தியானம் கடை வெறிச்சோடிக் கிடக்கிறது. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவிலும் கோவளத்திலும் சனி, ஞாயிறு கூட்டம் செவ்வாய், புதன்கிழமைகளில் இருப்பதில்லை. ஆளில்லாத கடையில் சிப்பந்தி நிற்பதால் ஒரு ரூபாய் வியாபாரம்கூடக் கூடுவதில்லை.

இருக்கையைப் பற்றி யோசிக்கும்போதே வேலை நேரக் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது. அதே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாளொன்றுக்கு வேலை 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை வாங்கினால் பிறகு 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து 12 மணி நேரத்துக்குமேல் ஒருவரின் வேலை நாள் நீளக்கூடாது. காலை 8 மணிக்குத் திறந்து இரவு 9.30க்கு அடைக்கும் கடையில் பதின்மூன்றரை மணி நேரம் ஆகிறது. ஒரே சிப்பந்தி திறக்கவும் அடைக்கவும் இருந்தால் அப்போதே சட்டம் மீறப்படுகிறது. ஒருவரைக் காலையில் முன்னதாகவும், மற்றவரைச் சற்றுத் தாமதமாகவும் வரச் செய்தால் இந்தச் சிக்கல் தீரும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பதையும் மறக்கலாகாது.

சிப்பந்திக்கும் கடமை உண்டு. கிடைத்த இருக்கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு வாடிக்கையாளரைக் கவனியாமல் விடுவது உரிமை ஆகாது. அதைக் கண்டிக்க முதலாளிக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் உட்கார்ந்தான் என்ற கோபத்தில் ‘நாளை முதல் வராதே’ என்று சொல்லிவிட முடியாது. தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணமின்றி நீக்கக்கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். முறையான விசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே முன்னறிவிப்பு தேவையில்லை.

இடம் நெருக்கமான கடைக்கு மடக்கு ஸ்டூல் போதும். சங்கமே மொத்தமாகக் கொள்முதல் செய்து உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் கொடுக்கலாம். இந்த யோசனையை அடுத்த செயற்குழுக் கூட்டம் பரிசீலிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆய்வாளர் வந்து நோட்டீஸ் எழுதிய பிறகு வாங்கிப் போடும் ஸ்டூலுக்கும், நாமாகவே முன்வந்து போடும் ஸ்டூலுக்கும் விலை ஒன்றுதான். சிப்பந்தியின் மனத்தில் இரண்டுக்கும் கிடைக்கும் மதிப்பு வேறு.