'லைன் இல்லை' என்பது சாக்குப்போக்கு அன்று!



"தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை. புலனத்தில் வீட்டுப்பாடம் அனுப்பினால் பார்ப்பதே இல்லை. கேட்டால் 'லைன் இல்லை' என்கிறார்கள்." ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டுவிட்டேன். பேசுபவர்கள் கெட்டவர்கள் அல்லர். மாணவர்மீது அன்பு கொண்டவர்கள்தாம். ஆயினும், இக்கூற்றை நான் வன்மையாக மறுக்கிறேன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பல வீடுகளுக்கு 'லைன் இல்லை' என்பது உண்மை. அதைச் சோதித்துப் பாராமல் பெற்றோர்மீது பழி போடுவது நமக்கு அழகன்று.

தேயிலைக்கு ஏற்ற மண், அலைக்கு ஏற்ற மண் அன்று

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தேயிலைக்குக் குளிரும் மழையும் மலைச்சரிவும் வேண்டும். அச்சரிவுகளுக்கு இடையேதான் தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. ஆனால், கைத்தொலைபேசி அலைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. கோபுரத்திற்கும் கருவிக்கும் இடையே மலை குறுக்கிடக்கூடாது. ஒரு மேட்டைத் தாண்டியவுடன் தொடர்பு அறுவதும், பத்தடி நடந்தால் மீண்டும் கிடைப்பதும் இதனால்தான்.

அலைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தொலைவு செல்லும். மேட்டை ஓரளவு வளைந்தும் கடக்கும். 2600 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை நிறைய தரவைச் சுமக்கும். ஆனால் சுவரையும் மரத்தையும் கண்டால் சோர்ந்துவிடும். துத்தநாகத் தகரக் கூரையோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் கிடைக்காத தொடர்பு வாசலில் கிடைக்கும் மாயம் இதுதான்.

"குனோங் பிரிஞ்சாங் உச்சியில் கோபுரம் தெரிகிறதே!" என்பார் சிலர். கண்ணுக்குத் தெரியும் கோபுரமெல்லாம் கைத்தொலைபேசிக் கோபுரம் ஆகிவிடாது. வானொலி, தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் கோபுரங்கள் உண்டு. கைத்தொலைபேசிக் கோபுரமாகவே இருந்தாலும், அதன் அலைவாங்கி எத்திசை நோக்கிச் சாய்ந்திருக்கிறதோ அத்திசைக்கே முதலில் பயன்.

"மூடுபனி லைனைத் தின்றுவிடுகிறது" என்பதும் தவறான நம்பிக்கையே. கைத்தொலைபேசி அலைவரிசைகளை மூடுபனி தடுப்பதில்லை. கடுமழை, கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணலைத் தொடர்பை நலிவுறச் செய்யலாம். மின்தடை கோபுரத்தையே முடக்கலாம். காரணம் சரியாகத் தெரிந்தால்தானே முறையீடும் சரியாக அமையும்?

பழி சொல்லுமுன் ஐந்து சோதனைகள்

1. விமானப் பயன்முறையை இட்டு, அரை நிமிடம் கழித்து எடுங்கள். கருவி கோபுரத்தைப் புதிதாகத் தேடும். இதில் சரியானால் சிக்கல் சிறியது.

2. அதே இடத்தில், அதே நேரத்தில், வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையை இட்டுப் பாருங்கள். ஒன்று வேலை செய்து மற்றொன்று செய்யாவிடில், நிறுவனத்தை மாற்றுவதே மருந்து. இரண்டுமே செய்யாவிடில், அந்த அட்டைகளை வேறொரு கருவியிலும் இட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் குறை கருவியில் இல்லை. அவ்விடத்தில் சேவையே இல்லை.

3. திரையில் தோன்றும் பட்டைகளை நம்பாதீர்கள். கருவிக்குக் கருவி அவை மாறும். ஆண்டிராய்டு கருவிகள் பலவற்றில் அமைப்புகள் பகுதியில், 'தொலைபேசியைப் பற்றி' என்பதன்கீழ் 'சிம் நிலை' இருக்கும். அங்கே டிபிஎம் என்னும் அலகில் ஓர் எதிர்மறை எண் தெரியும். 4ஜியில் அது -90 அளவில் இருந்தால் நன்று. -110 என்றால் நலிவு. -120ஐ நெருங்கினால் இல்லை என்றே கொள்ளலாம்.

4. எண் நன்றாக இருந்தும் காணொலி ஓடவில்லையா? அது நெரிசலாக இருக்கலாம். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அங்குள்ள அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். காலையில் ஒருமுறையும், சுற்றுப்பயணிகள் மலையேறும் வார இறுதி மாலையில் ஒருமுறையும் சோதித்தால் வேறுபாடு விளங்கும்.

5. கருவி பழையதா எனப் பாருங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியுடன் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 4ஜி இல்லாத கருவியில் இணையப் பாடம் நடவாது.

ஓர் எச்சரிக்கை: அலையைப் பெருக்கும் என்று இணையத்தில் மலிவாக விற்கப்படும் 'பூஸ்டர்' கருவிகளை வாங்காதீர்கள். ஒப்புதல் பெறாத கருவியைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். அது அண்டை வீட்டாரின் தொடர்பையும் கெடுக்கும்.

விழுக்காட்டின் பின்னால் ஒளிந்திருப்பவர்கள்

2020இல் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காடாக உயர்த்துவது அதன் முதற்கட்ட இலக்காக இருந்தது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால், எஞ்சிய சிறு விழுக்காட்டில் இருப்பவர் யார்? அவர்கள் நாடெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. மலையிலும் காட்டோரத்திலும் உட்புறத் தோட்டத்திலும் குவிந்திருக்கிறார்கள். நாட்டின் கணக்கில் சிறு விழுக்காடு. ஒரு தோட்டத்துக் குடியிருப்புக்கு அதுவே நூறு விழுக்காடு!

2020 ஜூன் மாதம், சபாவின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மீது இரவு தங்கிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. நாம் வியந்தோம், பாராட்டினோம். பாராட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? அது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்லவா? மரமேறும் மாணவரைப் போற்றிவிட்டு, மரமேற முடியாத ஒன்பது வயதுக் குழந்தையைச் சோம்பேறி என்பது என்ன நியாயம்?

பணம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தொலைத்தொடர்பு உரிமம் பெற்ற நிறுவனங்கள், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய வருமானம் ஈட்டினால், நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவருக்குமான சேவை நிதிக்குச் செலுத்த வேண்டும். சேவை எட்டாத பகுதிகளுக்காகவே அமைந்த நிதி அது.

தோட்ட நிருவாகங்களுக்கும் பொறுப்புண்டு. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுக் குறைந்தபட்சத் தரச் சட்டம் குடிநீரையும் மின்சாரத்தையும் கட்டாயமாக்கியது. பாடமும் மருத்துவ முன்பதிவும் வங்கிக் கணக்கும் கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில், அலைத்தொடர்பையும் அவ்வரிசையில் சேர்த்தே எண்ண வேண்டும். தோட்டம் தனியார் நிலம்; கோபுரம் எழுப்ப நிலமும் பாதையும் மின்னிணைப்பும் வேண்டும். நிருவாகம் மனம் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியவை

ஆசிரியர்களே, வீட்டில் தொடர்பில்லை என்று தெரிந்த மாணவனுக்கு வீட்டுப்பாடத்தை அச்சிட்டுக் கையில் கொடுங்கள். நள்ளிரவுக்குள் பதிவேற்றம் செய்ய வேண்டும் என்ற கெடுவை நீக்குங்கள். பெரிய காணொலிக்குப் பதிலாகச் சிறிய படத்தையோ குறுகிய ஒலிப்பதிவையோ அனுப்புங்கள். அவசரத் தகவலுக்குச் சாதாரணக் குறுஞ்செய்தியே மேல். இணையம் நுழையாத நலிந்த அலையிலும் அது நுழைந்துவிடும்.

பெற்றோர்களே, "லைன் இல்லை" என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். நாள், நேரம், இடம், நிறுவனம், டிபிஎம் எண் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வையுங்கள், திரைப்பிடிப்பும் எடுங்கள். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு முறையீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு கிடைக்காவிடில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடுங்கள். ஒரு வீட்டின் முறையீடு கோப்புக்குள் உறங்கலாம். ஒரே குடியிருப்பின் முப்பது வீடுகள் எண்ணோடும் நாளோடும் எழுதினால், மறுமொழி சொல்லாமல் இருப்பது கடினம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதைக் கூட்டத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். படிவம் நிரப்பத் தெரியாத பெற்றோருக்கு நிரப்பிக் கொடுப்பது ஆசிரியராகிய நம் கடமை.

தேநீர்க் கோப்பையில் கேமரன் மலையை நாடே சுவைக்கிறது. அந்தக் கொழுந்தைப் பறிக்கும் கைகளுக்குரிய பிள்ளைகள், மலை மறைத்ததற்காக மதிப்பெண் இழக்கக்கூடாது. குறை மலையில் இருக்கலாம், கோபுரத்தில் இருக்கலாம், கருவியில் இருக்கலாம். எதையும் சோதிக்காமல் குழந்தையிடம் குறை காணாதீர்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.