தனித்திருந்து செய்தால்தான் கணக்கா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை கணிதத்தில் கெட்டிக்காரன் என்று சொல்ல வருகிறவர்கள் முதலில் சொல்வது, "அவன் ஆரோடையும் கதையான், அறைக்கதவைச் சாத்திப்போட்டுச் செய்துகொண்டே இருப்பான்" என்பதைத்தான். அயல்வீட்டுப் பெடியனோடு சேர்ந்து கணக்குச் செய்யப்போகிறேன் என்று கேட்கும் பிள்ளைக்கு, "அவன்ரை கொப்பியைப் பாத்து எழுதவோ போறாய்?" என்ற கேள்வி காத்திருக்கிறது. வகுப்பறையிலும் அதே சட்டம்: தலையைக் குனி, பக்கத்தில் பாராதே, வாய் திறவாதே. கணிதம் என்றால் ஒருவன் தன் மூளையோடு தனியே நடத்தும் போராட்டம், மற்றவரோடு பேசிச் செய்தால் அது அரைக் களவு என்ற எண்ணம் பருத்தித்துறை முதல் ஊர்காவற்றுறை வரை வேரூன்றிக் கிடக்கிறது. இந்த எண்ணம் பிழை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆண்டாண்டாகத் தீங்கு செய்துவரும் பிழை.

இது எங்கிருந்து வந்தது என்பது தெரியாததல்ல. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. அதன்பின் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஓரிரு புள்ளிகளில் ஒரு வாழ்க்கையே திசைமாறிப் போனதைக் கண்ட தலைமுறை, பரீட்சை மண்டபத்தை மனதில் வைத்தே பிள்ளைகளை வளர்த்தது. மண்டபத்தில் தனியே இருந்துதானே எழுதவேண்டும், ஆகவே தனியே இருந்துதான் படிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவில் தருக்கம் இல்லை. இணுவிலிலும் அளவெட்டியிலும் தவில் பழகியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்து, ஒருவர் பிழையை மற்றவர் திருத்தித்தான் பழகினார்கள். தனி ஆவர்த்தனம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்போது நடப்பதைப் பாருங்கள். உயர்தர இணைந்த கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். பகுதி 'அ'வில் பத்துக் கேள்விகள், பகுதி 'ஆ'வில் ஏழுக்கு ஐந்து. இதற்காகப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிந்து ரியூசனுக்கு ஓடுகிறது. அங்கே நூறு பேருக்கு மேல் வாங்குகளில் நெருங்கியிருக்க, சேர் ஒலிவாங்கியில் செய்துகாட்டுகிறார். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்கள், மாதிரி வினாத்தாள்கள், புள்ளித்திட்டம், ரியூட் கட்டுகள். நல்ல சேர்மார் இருக்கிறார்கள், அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் ஒரு பிள்ளைகூட, "எனக்கு இந்த வரி ஏன் வந்தது என்று விளங்கவில்லை" என்று இன்னொரு பிள்ளையிடம் சொல்வதற்கு இடமில்லை. கேள்வியின் உருவம் பழகியதாக இருக்கும்வரை கை ஓடும். உருவம் சற்று மாறினால் பேனை நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது என்பதற்கு விடை புதியதல்ல. ஜோர்ஜ் பொல்யா என்ற ஹங்கேரியக் கணிதவியலாளர், கணக்கை அணுகுவது எப்படி என்று 1945இலேயே ஒரு சிறு நூல் எழுதினார். கேட்டிருப்பதை விளங்கிக்கொள், ஒரு திட்டம் போடு, செய், பிறகு திரும்பிப் பார் என்பது அவர் காட்டிய நான்கு படிகள். படம் கீறு, இதைப்போன்ற எளிய கணக்கு ஒன்றைத் தேடு, விடையிலிருந்து பின்னோக்கி வா என்று பல உத்திகளையும் அதில் சொன்னார். அதன்பின் அமெரிக்காவில் கணிதக் கல்வி ஆய்வாளர் அலன் ஷோன்ஃபெல்ட், மாணவர்கள் கணக்குச் செய்வதை ஒளிப்பதிவு செய்து பார்த்தார். பெரும்பாலானவர்கள் கேள்வியை வாசித்த கையோடு ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கும் போகாதபோதும் நேரம் முடியும்வரை அதிலேயே ஓடினார்கள். தேர்ந்த கணிதவியலாளரோ பாதிவழியில் நின்று யோசித்தார், வழியை மாற்றினார். ஆகவே ஷோன்ஃபெல்ட் தன் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, நடுவில் நடந்துதிரிந்து மூன்று கேள்விகளைக் கேட்டார்: இப்போது என்ன செய்கிறாய்? ஏன் செய்கிறாய்? அது உனக்கு எப்படி உதவும்? தொடக்கத்தில் பிள்ளைகள் விழித்தார்கள். நாளடைவில் ஒருவரையொருவர் கேட்கப் பழகினார்கள். பிறகு தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்கள். தனியே இருந்து யோசிக்கும் வலிமை, முதலில் மற்றவன் வாயிலிருந்து வந்த கேள்வியில்தான் பிறக்கிறது. அறைக்கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை.

வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று பேர், ஒரு பழைய கணினி. திரையில் ஜியோஜிப்ரா. 2001இல் ஒஸ்திரியரான மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தொடக்கிவைத்த மென்பொருள் அது. இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம்கூட வேண்டாம். ஒரு நாற்பக்கலைக் கீறி, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் ஒழுங்காக இணைத்தால் என்ன வரும் என்பது கேள்வி. இணைகரம் வந்தது. ஒருத்தி ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். அப்போதும் இணைகரம். உள்ளே குழிந்த நாற்பக்கலாக்கினாள், அப்போதும் அதுவே. பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும்படி முறுக்கினாள், அப்போதும் மாறவில்லை.

"ஏனடி அப்பிடி?" என்றாள் இரண்டாமவள். "நடுப்புள்ளித் தேற்றம்தான்" என்றாள் முதலாமவள், புத்தகத்தில் படித்த வேகத்தோடு. மூன்றாமவள் அதுவரை வாய் திறக்கவில்லை. கணக்கில் பின்தங்கியவள் என்று பள்ளியில் பெயரெடுத்தவளாம். "அது முக்கோணிக்கெல்லோ? இதுக்குள்ள முக்கோணி எங்க கிடக்கு?" என்று கேட்டாள். சிறிது நேரம் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முக்கோணி இல்லாட்டி ஒண்டை உண்டாக்குவம்" என்று இரண்டாமவள் மூலைவிட்டத்தைக் கீறினாள். நாற்பக்கல் இரண்டு முக்கோணிகளாகப் பிரிந்தது. எதிரெதிரே இருந்த இரண்டு கோடுகளும் அந்த மூலைவிட்டத்துக்குச் சமாந்தரம், அதன் நீளத்தில் பாதி. நிறுவல் முடிந்தது.

இந்த நிறுவலின் உயிர் எங்கே இருந்தது? தேற்றம் தெரிந்தவள் அதை எங்கே பொருத்துவது என்று அறியாதிருந்தாள். சரியான கேள்வியைக் கேட்டவள் தேற்றத்தை முழுதாக அறியாதவள். இல்லாத கோட்டைக் கீறத் துணிந்தவளோ இன்னொருத்தி. மூவரையும் மூன்று அறைகளில் பூட்டியிருந்தால், மூன்று கொப்பிகளிலும் அரைகுறைதான் மிஞ்சியிருக்கும். கணினி எந்த விடையையும் சொல்லவில்லை. மூவரும் ஒரே உருவத்தைப் பார்க்கவும், ஐயத்தை உடனே இழுத்துச் சோதிக்கவும் வழிவிட்டது, அவ்வளவுதான். கணினியிடம் நாம் கேட்கவேண்டியதும் அதுவே.

இராமானுஜனைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. கும்பகோணத்தில் தன்னந்தனியே சிலேட்டில் எழுதிய மேதை அல்லவா என்பார்கள். சென்னைத் துறைமுகப் பொறுப்புக்கழகத்தில் எழுத்தராக இருந்தபோது, அங்கே கணக்கு மேலாளராக இருந்த நாராயண ஐயரோடு திருவல்லிக்கேணி வீட்டில் இரவிரவாகச் சிலேட்டும் கையுமாக இருந்தவர் அதே இராமானுஜன்தான். இரண்டு படிகளுக்கு நடுவே பத்துப் படிகளை எழுதிக்காட்டும்படி நாராயண ஐயர் வற்புறுத்தினார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும் தன் முடிவுகளைப் பார்த்து அறிவுரை சொல்ல ஆள்தேடித்தான். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்னும் எண்பிரிவினை பற்றி 1918இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வுரை இருவர் பெயரிலும் வந்தது. அதன் சூத்திரம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, 200இன் பிரிவினைகள் 3,972,999,029,388 என்று கையாலேயே கணித்துக்கொடுத்தவர் மக்மஹோன் என்ற இன்னொரு கணிதவியலாளர். உலகமே தனிமேதை என்று கொண்டாடும் மனிதரின் கணக்கிலும் மூன்று பேரின் கை இருக்கிறது.

எங்கள் காலத்துச் சான்றும் உண்டு. 2009இல் கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் திமோத்தி கவர்ஸ், ஒரு தேற்றத்துக்குப் புதிய நிறுவல் தேடும் கடினமான சிக்கலை இணையத்தில் எல்லோர் முன்னும் வைத்து, யாரும் வந்து சேர்ந்து செய்யலாம் என்று அழைத்தார். முழுமையடையாத எண்ணத்தையும் பிழைபடக்கூடிய எண்ணத்தையும் துணிந்து எழுதலாம் என்பது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. 37 நாட்களில் 27 பேர் ஏறத்தாழ 800 குறிப்புகளை எழுதினார்கள். பெயர்பெற்ற கணிதவியலாளர் டெரன்ஸ் தாவோவும் இருந்தார், அரிசோனாவின் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரும் இருந்தார். சிக்கலின் முக்கிய பகுதி தீர்ந்தது. ஆய்வுரை 'பொலிமத்' என்ற பொதுப்பெயரில் வெளிவந்தது. இவர்களைக் கள்ளர் என்று சொல்வோமா?

இருந்தும் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் யூரி ட்ரைஸ்மன் கண்டது. 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் தொடர்ந்து வீழ்ந்தார்கள். அக்கறையில்லை, குடும்ப ஆதரவில்லை, அடிப்படை போதாது என்று ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் அவர்களோடு போயிருந்து பார்த்தார். அவர்கள் சொன்னபடியெல்லாம் உழைத்தார்கள், ஆனால் தனியே உழைத்தார்கள். சிறப்பாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ மாலையில் கூடி, ஒருவர் விடையை ஒருவர் கிழித்துப் பார்த்தார்கள். ட்ரைஸ்மன் வீழ்ந்தவர்களைக் குழுவாக்கி, இலகுவான கணக்கல்ல, கடினமான கணக்குகளைக் கொடுத்தார். தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது. "எவ்வளவு செய்தும் என்ரை பிள்ளைக்கு ஏறுதில்லை" என்று கலங்கும் தாய்மார் இதைக் கவனிக்கவேண்டும்.

இனி எதிர்ப்பக்க நியாயங்கள். ஒருவன் செய்ய மற்றவர்கள் பார்த்தெழுதுவார்களே என்பது முதலாவது. உண்மை, கண்காணிக்காத குழுவில் அதுதான் நடக்கும். அதற்கு மருந்து இருக்கிறது: விளக்கப்போவது யார் என்று முன்கூட்டிச் சொல்லாமல், முடிவில் குழுவில் எவரையும் எழுப்பிக் கேளுங்கள். இரண்டாவது, கைத்தொலைபேசி. கேள்வியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் விடை படமாகத் திரும்பி வருகிறது. அதைச் சேர்ந்து செய்தல் என்று நான் சொல்லவில்லை. அது விடை வாங்குதல், கண்டிக்கப்படவேண்டியது. ஆனால் தொலைவிலிருந்தே உண்மையாகச் சேர்ந்து செய்யவும் வழியுண்டு: அமெரிக்காவில் ஆய்வாளர் ஜெரி ஸ்டாலும் குழுவினரும் வெவ்வேறு இடங்களில் இருந்த மாணவர்களை மூன்று நான்கு பேராகச் சேர்த்து, ஒரே திரையில் படமும் பக்கத்தில் உரையாடலுமாகக் கணக்குச் செய்யவைத்தார்கள். யார் எதை ஏன் சொன்னார் என்பது அழியாமல் நின்றது. நெடுந்தீவிலும் அனலைதீவிலும் கணித ஆசிரியருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை நகரத்துப் பிள்ளைகளோடு இப்படிச் சேர்க்க, படகுக்கு நிற்கவேண்டியதில்லை.

மூன்றாவது, பக்கத்தில் இருப்பவனே போட்டியாளன் என்ற பேச்சு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கும் 55 வீதம் மாவட்டத்துக்கும் போகிறது என்பது சரிதான். ஆனால் உங்கள் பிள்ளை போட்டியிடுவது மாவட்டத்தின் நூற்றுக்கணக்கானவர்களோடும் நாடு முழுவதோடும். அடுத்த வாங்கில் இருக்கும் ஒருவனுக்கு விளக்கியதால் உங்கள் பிள்ளையின் இசட் புள்ளி விழாது. விளக்கிய கணக்கு மறப்பதில்லை என்பதே ஆசிரியர் எல்லோரும் அறிந்தது.

இது மேற்கிலிருந்து இறக்கிய சரக்கும் அல்ல. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். சென்னையில் மணலில் எழுதிப் பழகிய பிள்ளைகளைப் பார்த்துத்தான் அன்ட்ரூ பெல் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் படித்து அங்கேயே கணிதம் கற்பித்த கரோல் விசுவநாதபிள்ளை, தமிழிலேயே வீசகணிதம் எழுதினார். மின்சாரம் இல்லாத 1990களில் ஒரு ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்து படித்த வீடுகள் ஏராளம். அந்தப் பிள்ளைகள் பலர் இன்று பொறியியலாளர், விரிவுரையாளர்.

ஆகவே அதிபர்மாரிடம் கேட்கிறேன்: பாடவேளை முடிந்ததும் பூட்டும் கணினி அறையைக் கிழமையில் ஒரு மாலையாவது திறந்துவிடுங்கள். சனசமூக நிலையங்களின் நிர்வாகத்தினரே, ஒரு கணினியும் ஒரு கரும்பலகையும் போதும், ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் தாருங்கள். பெற்றோரே, அயல்வீட்டுப் பிள்ளையோடு கணக்குச் செய்யப்போகிறேன் என்று பிள்ளை கேட்டால் மறிக்காதீர்கள். அந்த இரண்டு பேரையும் உங்கள் விறாந்தையிலேயே இருத்துங்கள், அவர்கள் சத்தம்போட்டு வாதாடினால் அடக்காதீர்கள்.